நிம்மதி செயலியின் ஐந்து நிமிட மாதம்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சூடத்தைக் கொளுத்தி, கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் ஆட்சேபணை இல்லை. கை சுட்டால் மருந்துச் செலவு கேட்டவரைச் சேர்ந்தது, அவ்வளவுதான். அப்படியும் நம்பாதவர்கள் மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் இறங்கி, இட்லித் தட்டு விற்கிற கடையை ஒட்டிய சந்தில் நுழைந்து, மூன்றாவது சாலில் யாரையாவது விசாரிக்கலாம். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். அத்தனையும் உண்மைதான்.

சால் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசைக் குடியிருப்பு. அந்தச் சாலில் நூற்றுப் பன்னிரண்டு கோலி. கோலி என்றால் பத்தடிக்குப் பத்தடி அறை; அதற்குள் சமையல், படுக்கை, குளியல், சாமி படம், பீரோ எல்லாம் அடங்கும். அடங்காத ஒரே சமாச்சாரத்துக்கு எல்லோருக்கும் பொதுவாகச் சந்தின் முனையில் கழிப்பறைக் கட்டடம். பன்னிரண்டு அறை. பதினொன்று குத்தவைத்து உட்காருவது. ஒன்று நாற்காலி மாதிரி உட்காருகிற வெஸ்டர்ன். அந்த ஒன்றுக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். மந்திரி யாராவது வந்தால் அவசரத்துக்கு ஆகும் என்று சங்கத்தில் தீர்மானம்.

முப்பத்தெட்டாவது கோலியில் பூலோகம் இருந்தார். வயது ஐம்பத்தேழு. தோல் பை செய்கிற பட்டறையில் முப்பத்தொரு வருடமாக பக்கிள் தைக்கிற வேலை. அவர் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. டாக்டர் இரண்டே விஷயம் சொல்லி அனுப்பினார்: மூன்று மாதத்துக்குக் குத்தவைத்து உட்காரக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். டாக்டர் நல்லவர். தாராவியில் குடியிருப்பவர் இல்லை.

உட்கார இடமில்லாமல் தண்ணீர் குடித்து என்ன செய்வது? முப்பிடாதியம்மாள் தண்ணீரை நிறுத்திவிட்டாள். காப்பியைப் பாதியாக்கினாள். ரசத்தைப் பிழிந்துவிட்டுச் சோற்றைத் தின்றாள். சாயங்காலம் மட்டும் பூலோகம் பழைய ஓபிடி சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிச் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நோயாளி மாதிரி அங்குள்ள வெஸ்டர்னில் உட்கார்த்திக் கூட்டிவந்தார். ஆட்டோவுக்கே பாதிக் கூலி போயிற்று. அந்த வெஸ்டர்ன் கதவு மட்டும் திறந்தால் போதும் என்பதுதான் அவர் முத்தாரம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒரே வரம்.

அம்மன் கேட்டாளோ இல்லையோ, அனைத்துச் சால் குடியிருப்போர் சுகாதார நல்வாழ்வுச் சங்கம் கேட்டுவிட்டது.

அதுவரை கழிப்பறைக்கு மாதம் ஐம்பது ரூபாய். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அஸாருதீன் கையில் கொடுத்தால் அட்டையில் ஒரு கோடு போடுவார். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் நடந்தது. ஒரு சண்டை இல்லை. இந்தக் கேவலத்தைச் சங்கத் தலைவர் பேச்சிராஜாவால் பொறுக்க முடியவில்லை. செம்பூரில் சம்பந்தி வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட ஃபோனில் சந்தா கட்டி வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஒன்றாவது கோலி சுபினைக் கூப்பிட்டார். சுபின் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். மாமனார் சம்மதத்துக்குக் காத்திராமல் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் ஆனவன். ஒரு செயலி செய்துகொடுக்கச் சொன்னார். பெயரும் அவரே வைத்தார்: ‘நிம்மதி’.

நெல்லைக் காலண்டரைப் பார்த்து, வளர்பிறைத் திங்கட்கிழமை அதிகாலை நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் திறப்பு விழா என்று நாள் குறித்தாயிற்று. சுபின் கையைப் பிசைந்தான்.

“அங்கிள், ஆப் இன்னும் டெஸ்ட்லதான் ஓடுது. ஆப் ஸ்டோர் வச்சிருக்க மேல கம்பெனிக்காரன் அப்ரூவல் தரணும். ரெண்டு வாரம் ஆகும்.”

“அப்ரூவல் பெறவு வரும்லே. நல்ல நேரம் பெறவு வருமா? ஒங்க மாமனார்ட்ட கேட்டுப் பாரு. தெறந்துரு.”

திறந்துவிட்டார்கள். பேச்சிராஜா மைக்கைப் பிடித்தார். “அன்பார்ந்த சால் பெருமக்களே! இனிமேல் இங்க யாரும் கக்கூசுக்குப் போகமாட்டீர்கள்!” என்று ஆரம்பித்ததும் வரிசையில் டப்பாவோடு நின்றவர்கள் பதறிப்போனார்கள். “இனிமேல் நீங்கள் ஒரு சேவையைப் பயன்படுத்துவீர்கள். நேற்றுவரை நீங்கள் அவசரக்காரர்கள். இன்று முதல் சந்தாதாரர்கள்!” கை தட்டினார்கள். டப்பா வைத்திருந்தவர்கள் டப்பாவைத் தட்டினார்கள்.

மூன்று வகைச் சந்தா. வெள்ளி என்றால் பதினோரு அறை. தங்கம் என்றால் வெஸ்டர்ன். வைரம் என்றால் வெஸ்டர்னும் சோப்பும். அது தலைவர் குடும்பத்துக்கு. தங்கம் மாதம் நூற்றைம்பது. ஆட்டோவை நினைத்துப் பார்த்தால் இது ஓசி என்று பூலோகம் அந்த வரிசையிலேயே ஃபோனை எடுத்தார்.

செயலி முதலில் அவர் பெயரைக் கேட்டது. கொடுத்தார். புகைப்படம் கேட்டது. விடிந்தும் விடியாத வேளையில் வாய் பிளந்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டது. ஆதார் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, ஃபோனில் உள்ள எல்லா நம்பரையும் பார்க்க அனுமதி கேட்டது. ‘இந்தச் சேவையை எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள்?’ என்று கேட்டு, கல்வி, சுயதொழில், பொழுதுபோக்கு, மற்றவை என்று நான்கு கட்டம் காட்டியது. பூலோகம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ‘மற்றவை’யைத் தொட்டார். பிறகு பேங்க். மாதா மாதம் தானாகப் பணம் எடுக்க ஒப்புதல். முப்பது வருடத்துக்கு ஒப்புதல். ஆனாலும் தங்கம் பெரிய தொகை என்பதால் ஒவ்வொரு மாதமும் பின் நம்பர் அடித்து அந்த ஒப்புதலுக்கு ஓர் ஒப்புதல்.

எல்லாம் முடிந்ததும் திரையில் தாமரை விரிந்தது. ‘வாழ்த்துகள்! முதல் மூன்று நாள் இலவசம்!’

“அண்ணாச்சி, ஜாலி பண்ணுங்க. மூணு நாள் மௌஜ்தான்” என்றார் அஸாருதீன்.

பூலோகம் கோலியைப் பார்த்து நாலு எட்டு வைத்திருப்பார்.

“அண்ணாச்சி! ருக்கோ, நில்லுங்க! மூணு நாள் முடிஞ்சு போச்சாம்!”

வாசலில் காசு வந்தால் கத்துகிற பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது சாலுக்கே கேட்கும்படி அறிவித்தது: “பூலோகம் அவர்களே, உங்கள் இலவசக் காலம் நிறைவடைந்தது.”

சரி, இலவசத்துக்கு ராசி இல்லை என்று பின் நம்பரை அடித்து ஒரு மாதச் சந்தா கட்டினார். பெட்டி நன்றி சொன்னது. வெஸ்டர்ன் கதவில் பச்சை விளக்கு எரிந்தது. கோலிக்கு ஓடினார்.

“ஏட்டி முப்பிடாதி, எந்தி! தெறந்துட்டாவ!”

முப்பத்தெட்டாவது கோலியிலிருந்து கழிப்பறை வரைக்கும் நாற்பது தப்படி. வாக்கரை ஊன்றிக்கொண்டு அவளுக்கு ஏழு நிமிடம். சுவரைப் பிடித்து, சாக்கடைக் கல்லைத் தாண்டி, பாத்திரம் துலக்குகிற பெண்களிடம் வழி கேட்டு வந்து நின்றபோது பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது.

“உங்கள் மாதச் சந்தா நிறைவடைந்தது” என்றது பெட்டி.

“எந்த மாசம்வே?” என்றார் பூலோகம்.

“அரே, நம்ம கையில என்ன இருக்கு?” என்றார் அஸாருதீன். “மிஷின் சொல்லுது. நான் பச்சை வந்தா தொறப்பேன், லால் வந்தா மூடுவேன்.”

பூலோகம் மறுபடி கட்டினார். முப்பிடாதியம்மாள் உள்ளே போனாள். வாக்கரை ஓரம் வைத்து, கம்பியைப் பிடித்து, காலை நீட்டி மெல்ல உட்கார்ந்து, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் விளக்கு அணைந்தது. குழாயில் தண்ணீர் நின்றது. வெளியே பெட்டி கத்தியது: “தங்கச் சந்தாதாரர் பூலோகம் அவர்களே, உங்கள் மாதம் முடிந்துவிட்டது. உடனடியாக வெளியேறவும் அல்லது புதுப்பிக்கவும்!”

வரிசையில் நின்ற நாற்பது பேரும் கதவைப் பார்த்தார்கள். பூலோகம் பின் நம்பரை அவசரத்தில் தப்பாக அடித்தார். இன்னொரு முறை தப்பாக அடித்தார். மூன்றாவது தப்புக்கு பேங்க் ஒரு நாள் பூட்டிவிட்டது. சங்கத்தின் நாள் அல்ல, சூரியன் உதித்து மறைகிற நாள். முப்பிடாதியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வந்த காரியம் முடியாமல் வெளியே வந்தாள். பூலோகத்துக்குப் பொறுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கைமாற்றாக ஒரு ஃபோனைக் கேட்டு வாங்கினார். அன்று முழுக்க அதில்தான் தன் பேருக்குக் கட்டினார்; ஒவ்வொரு தடவையும் அவள் உட்காருவதற்கும் பெட்டி கத்துவதற்கும் சரியாக இருந்தது.

அதற்கு முன்பாகச் சுபினைப் பிடித்தார். அவன் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“அங்கிள், நான் அப்பவே சொன்னேன். இது டெஸ்ட் மோட். வருஷக்கணக்கா காத்திருந்து பார்க்க முடியாதுன்னு சோதனை பண்றவங்களுக்காக மாசத்தைச் சுருக்கி வச்சிருக்கான். அஞ்சு நிமிஷம் ஒரு மாசம். பத்து செகண்டு ஒரு நாள். பன்னெண்டு தடவ கட்டினா சந்தா தானா கேன்சல் ஆயிரும். மறுபடி மொதல்லேர்ந்து.”

“அப்ப எம் பணம்?”

“பணம் போகாது அங்கிள். அது பொய்ப் பணம். போன மாதிரி காட்டும்.”

“கக்கூசு?”

“அது நெஜம்.”

“அப்ப கொஞ்சம் மாத்திரு, மக்கா. அவ தண்ணி குடிச்சு ரெண்டு நாளாச்சு.”

“ஒரு பட்டன்தான் அங்கிள். ஆனா தலைவர் கையெழுத்து வேணும்.”

பேச்சிராஜா சங்க அலுவலகத்தில் கால் மேல் கால் போட்டு, பொறுமையாகக் கேட்டார். ஒரு மணி நேரம் என்பது ஒரு வருடம் என்ற இடம் வந்ததும் காலை இறக்கினார்.

“அப்போ, தெறப்பு விழா நடந்து இப்ப ஒண்ணரை வருசம் ஆச்சா?”

“ஆப் கணக்குல அப்படித்தான் அங்கிள்.”

“ஒண்ணரை வருசமா ஒரு புகாரும் வரலயே!” என்றார் தலைவர். அவர் கண்ணில் நீர் கோத்தது. “வே பூலோகம், ஊரு ஒலகத்துல எந்தச் சங்கம்வே ஒரே நாள்ல இருவத்துநாலு வருசம் சேவை செஞ்சிருக்கு? இத போயி மாத்தச் சொல்லுதீரே!”

அன்று காலை ஏழு மணிக்கு இரண்டாம் ஆண்டு விழா கொண்டாடினார்கள். எட்டு மணிக்கு மூன்றாம் ஆண்டு. சங்கத்தின் விதிப்படி ஆண்டு விழாவுக்கு வாசலை அடைத்துப் பந்தல் போட வேண்டும் என்பதால், மணிக்கு இருபது நிமிடம் கழிப்பறைக்குப் போக முடியவில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு தரம் எல்லார் ஃபோனிலும் பொங்கல் வாழ்த்து வந்தது. அரை மணி கழித்து ஆடி மாதக் கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தது. அஸாருதீனுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஏழு மணிக்கு அவருக்கு அறுபது நிறைந்துவிட்டதால், ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் பரிசளித்து அனுப்பினார்கள். அவர் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒப்பந்த அடிப்படையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். “க்யா கரேகா, என்ன செய்யுறது அண்ணாச்சி, நோட்டீஸ் பீரியட் அஞ்சு நிமிஷம்தான் கொடுத்தானுவ” என்றார்.

முப்பிடாதியம்மாளை ஸ்டூல் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்துவிட்டால் நடக்கிற ஒன்றரை மாதம் மிச்சமாகும் என்று பூலோகம் கணக்குப் போட்டார். நல்ல யோசனை. ஆனால் வாசலில் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது ஆக்கிரமிப்பு என்று சங்கத்தின் அறிவிப்பு வந்தது. எழுப்பிவிட்டார்கள்.

பட்டனை மாற்றப் பொதுக்குழு கூட வேண்டும் என்றார் தலைவர். பொதுக்குழுவுக்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு. அதொன்றும் பெரிதில்லை, மூன்றரை நிமிடம். ஆனால் ஆட்கள் வந்து சேர்ந்து, நாற்காலி விரித்து, மௌன அஞ்சலி முடித்து நிமிர்ந்தபோது நிர்வாகிகளின் மூன்று வருடப் பதவிக்காலம் முடிந்திருந்தது. தேர்தல் நடத்தாமல் தீர்மானம் போட முடியாது. சந்தா பாக்கி இல்லாதவர்தான் ஓட்டுப் போடலாம். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் கட்டாதவர்கள் எல்லோரும் பாக்கிக்காரர்கள். கையில் ஃபோனோடு, வைரச் சந்தாவோடு, மேடையிலேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். அவர் போட்டியின்றித் தேர்வானார். பதவி ஏற்றார். ஏற்புரை நிகழ்த்தினார். ஏற்புரை மூன்று மணி நேரம். முடிந்தபோது மறுபடி தேர்தல் வந்துவிட்டது.

“என்னை எதிர்ப்பவர்கள் யாரும் இல்லை. இருந்தால் சந்தா கட்டட்டும்!” என்று பேச்சிராஜா அந்த மேடையில் முழங்கியதை எல்லோரும் கேட்டார்கள். “நம் சங்கத்தின் வருமானம் இன்று பதினெட்டு லட்சம் ரூபாய்! பொய்ப் பணம் என்கிறார்கள். நான் கேட்கிறேன், இத்தனை வருடமாக நாம் காட்டிய கணக்கில் இருந்தது என்ன பணம்?” பலத்த கைதட்டல். பிறகுதான் அவருக்கே ஏதோ உறைத்தது, தண்ணீர் குடித்தார்.

இதற்கு நடுவில் சுபினுக்கு மேல கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சந்தா வசூலிக்கும் செயலிக்கு ஒப்புதல் வேண்டுமென்றால், கட்டணம் செலுத்தியவர் அந்தச் சேவையை முழுமையாகப் பெறுகிறார் என்பதற்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு காணொளி அனுப்ப வேண்டும். தங்கச் சந்தாவுக்குத் தனியாக ஒன்று.

சுபின் தயங்கித் தயங்கிப் பூலோகத்திடம் வந்தான். “அங்கிள், தப்பா எடுத்துக்கக் கூடாது. ஆன்ட்டிக்குப் பதில் நீங்களே...”

பூலோகம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். பஸ் போய் ஏழு வருடம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பூலோகத்துக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். இருபத்தாறு வருடமாக விடாமல் மறுபடி மறுபடி தங்கச் சந்தா கட்டிய ஒரே உறுப்பினர். பொன்னாடை போர்த்தினார்கள். “இத்தனை காலமாகச் சேவையைப் பெறாவிட்டாலும், சந்தா செலுத்துவதையே சேவையாகக் கருதியவர்” என்று தலைவர் புகழ்ந்தார். பட்டறையில் இரண்டு நாள் சம்பளம் போயிருந்தது. மைக்கைக் கொடுத்து ஏதாவது பேசச் சொன்னார்கள். பூலோகம், “கதவத் தெறங்கய்யா” என்றார். அதை எளிமைக்கு எடுத்துக்காட்டாகத் தலைவர் மூன்று தரம் திரும்பச் சொன்னார். விழாவுக்காகக் கதவு அடைத்திருந்தது.

புதன்கிழமை விடியற்காலையில், இன்றைக்காவது என்று முப்பிடாதியம்மாளை வாக்கரோடு வாசல் வரை கூட்டிவந்து நிறுத்தினார். ஃபோனை எடுத்தார். செயலி அவரை உள்ளே விடவில்லை. அஸாருதீன் ஸ்டூலை விட்டு எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார்.

“அண்ணாச்சி, மேல பாருங்க.”

கழிப்பறை நெற்றியில் பத்தடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. விடிந்தும் விடியாத வேளையில் வாய் பிளந்தபடி எடுத்த அதே படம். பூலோகத்துக்குச் சங்கக் கணக்கில் வயது நூற்றைந்து. நூறைத் தாண்டிய உறுப்பினரைச் செயலி தானாகக் காலமானவராக்கிக் கணக்கை மூடிவிடும். மரியாதைக்காக அப்படிச் செய்திருப்பதாகச் சுபின் பிற்பாடு சொன்னான்.

இரங்கல் கூட்டம் ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. இரண்டு நிமிடம் மௌனம் என்றார்கள். எல்லோரும் நின்றார்கள். பூலோகமும் நின்றார்; நிற்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

“பூலோகம் நம்மோடு இல்லை” என்றார் பேச்சிராஜா. பதினாறு முறை தொடர்ந்து தலைவரான களைப்பு குரலில் தெரிந்தது. “அதோ நிற்கிறாரே என்று சிலர் கேட்கலாம். நிற்பது வேறு. பதிவேட்டில் இருப்பது வேறு. சங்கம் பதிவேட்டைத்தான் நம்பும்.”

கூட்டம் கலைந்ததும் பூலோகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நான் செத்ததாவே இருக்கட்டும். அவ பேருல ஒரு தங்கச் சந்தா போட்டுக் குடுத்துருங்க. கதவத் தெறந்தா போதும்.”

“போடலாம்வே. வாரிசு மாற்றம்னு தனியா ஃபாரம் இருக்கு. ஒம்ம மரணச் சான்றிதழ் ஒண்ணு கொண்டாந்துரும்.”

“நான் எங்கன போயி வாங்குவேன், அண்ணாச்சி? உசுரோட நிக்கேன்லா?”

“அதாம்வே சிக்கல்” என்று தலைவர் பரிதாபமாகச் சொன்னார். “சங்கம் எல்லா வசதியும் செஞ்சு குடுத்துருக்கு. நீருதான் ஒத்துழைக்க மாட்டேங்கீரு.”

பூலோகம் வாசலுக்குத் திரும்பி வந்தார். முப்பிடாதியம்மாள் வாக்கரில் சாய்ந்து, ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு வெடித்திருந்தது.

“என்ன சொல்லுதாவ?”

“நான் செத்த சீட்டு வேணுங்காவ.”

அவள் வாக்கரைத் திருப்பினாள்.

“செத்தாலும் ஒங்களுக்கு ஒரு காரியம் உருப்படியா செய்யத் தெரியல. ஆட்டோவப் பிடிங்க. சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தாங்காது.”

அவர் போய் ஆட்டோ பிடித்தார். இறந்தவர் என்பதால் ஆட்டோக்காரன் காசில் எதுவும் குறைக்கவில்லை.

இத்தனையும் நடந்த அந்தக் கழிப்பறைக்கு இடம் மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டடம் இன்னும் கட்டவில்லை. சத்தியத்துக்குச் சூடம் தயார்.